மலாவிக் கொடிக்கு ஒரு பிள்ளை

கம்பாலாவுக்குக் கிழக்கே, முக்கோனோ ஊரைத் தாண்டி, செம்மண் மேட்டில் நிற்கிறது செங்கெண்டோ இன்டர்நேஷனல் உறைவிடப் பள்ளி. அங்கே கோரெட்டிக்கு வேலை, பிள்ளை பிடிப்பது. பூச்சாண்டி வேலை என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கு சூடானில் ஜூபாவுக்கும் காங்கோவில் கோமா நகரத்துக்கும் பஸ் ஏறிப் போய், ஓட்டல் கூடங்களில் மேசை போட்டு, வழவழப்பான பிரசுரங்களை விரித்து, பெற்றவர்கள் மனதைக் கரைக்கிற வேலை.

"உங்க ஊர்ல கடல் இருக்கா?" என்று ஜூபாக்காரர் ஒருவர் கேட்பார்.

"கடலுக்கு அண்ணன் மாதிரி ஏரி இருக்கு, செபோ." ஆணுக்குச் செபோ, பெண்ணுக்கு நியாபோ, அதுதான் எங்கள் ஊர் மரியாதை.

"பிள்ளை மண்வெட்டி கொண்டுவரணும்னு போட்டிருக்கே, அது எதுக்கு?"

"விவசாய விஞ்ஞானம், செபோ."

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் விவசாயம் செய்யத்தான் செய்தார்கள், டைரக்டர் செங்கெண்டோவின் மரவள்ளித் தோட்டத்தில்.

இந்த டைரக்டரைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. கம்பாலாவில் ஏதோ ஒரு பெரிய மாநாடு முடிந்த மறுநாள், அங்கே கட்டியிருந்த கொடிகளை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வந்தார். பள்ளி வாசலில் வரிசையாகக் கம்பம் நட்டு ஏற்றியும் விட்டார். தெற்கு சூடான் கொடிக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், காங்கோ கொடிக்கும் இருந்தார்கள். மலாவிக் கொடிக்கு ஆள் இல்லை. லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கக் கிளம்பியவன் கதைதான்.

"கோரெட்டி, கொடி இருக்கு, பிள்ளை இல்லியே. பாக்க வர்றவங்க கேட்டா என்ன பண்றது?"

"கொடிய இறக்கிடலாமே, செபோ."

"ஏத்தின கொடிய இறக்கினா அந்த நாட்டுக்கே அவமானம் இல்லியா? உன் பொண்ணு சும்மாதானே படிக்கிறா?"

சும்மா என்றால் சம்பளம் கட்டாமல். ஊழியரின் பிள்ளைக்கு அந்தச் சலுகை உண்டு. அது இல்லையென்றால் லெட்டிசியா ஊர்ப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். கடைசி வரிசைக்கு வாத்தியார் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். கோரெட்டி படித்தது அங்கேதான். மகளாவது முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவளுடைய ஒரே வெறி. ஆகவே லெட்டி, கால்பந்துச் செய்தியில் டைரக்டர் பார்த்த ஒரு குடும்பப் பெயரோடு, மலாவிக்காரி ஆனாள்.

முதலில் எல்லாருக்கும் சிரிப்பாக இருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை "மலாவி" என்றே கூப்பிட்டார்கள். ஆனால் பள்ளி வளாகத்துக்குள் அவள் கோரெட்டியை அம்மா என்று கூப்பிடக் கூடாது, 'மேடம்' என்றுதான் சொல்ல வேண்டும். பெற்றோர் பார்க்க வரும் நாளில் பிள்ளைகள் எல்லாரும் பாய் விரித்துக் கோழியும் சோறுமாகத் தின்கையில், லெட்டி வாசல் பக்கம் வெறும் கையோடு திரிவாள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு சமையற்கட்டுக்குப் பின்னால் கோரெட்டி அவளுக்கு ஊட்டிவிடுவாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால்தான் அவர்கள் தாயும் மகளும். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அப்புறம் நிஜமான மலாவிக்காரி வந்து சேர்ந்தாள்.

திருமதி கச்சாலே. கணவருக்குக் கம்பாலாவில் வேலை. சாலையில் போகும்போது தன் நாட்டுக் கொடியைப் பார்த்து, காரை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். இரண்டு பையன்களைச் சேர்க்க இடம் தேடிக்கொண்டிருந்தாளாம். டைரக்டருக்கு வாயெல்லாம் பல்.

"எங்க ஊர்ப் பொண்ணு இருக்காமே, கூப்பிடுங்க!" என்றாள்.

கோரெட்டிதான் போய்க் கூட்டி வர வேண்டியிருந்தது. லெட்டி வந்து நின்றாள்.

"மூலி ப்வாஞ்சி?" என்று அந்த அம்மாள் தன் பாஷையில் நலம் விசாரித்தாள்.

லெட்டி விழித்தாள். கேள்வி புரியாவிட்டாலும் கேட்கிற முகம் புரிந்தது. "புலுங்கி" என்றாள். நலம் என்று எங்கள் லுகாண்டா பாஷையில் சொல்கிற சொல்.

மாட்டிக்கொண்டோம் என்று கோரெட்டி கண்ணை மூடினாள். திருமதி கச்சாலேயோ மாரில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, என் தங்கமே! ப்வீனோன்னு சொல்லணும்டி. நம்ம பாஷையே மறந்துபோச்சா உனக்கு?" பிறகு கோரெட்டியின் பக்கம் திரும்பினாள். "இவ அம்மா வந்து பாக்கறதே இல்லியா?"

"வேலை ஜாஸ்தியா இருக்கும், நியாபோ."

"அப்படி என்ன பொல்லாத வேலை?"

"ஊர் ஊரா அலையற வேலையா இருக்கும்."

"அலையட்டும், நல்லா அலையட்டும்! பெத்த பிள்ளைய விட்டுட்டு அலையறவ உருப்படுவாளா, சிஸ்டர்? நீங்களே சொல்லுங்க."

"உருப்பட மாட்டா, நியாபோ" என்றாள் கோரெட்டி. வேறு என்ன சொல்ல?

பையன்கள் இருவரும் அன்றே சேர்ந்தார்கள்.

அடுத்து பெற்றோர் வரும் நாளில் திருமதி கச்சாலே பெரிய பாயாக விரித்து, லெட்டியை மடிக்குப் பக்கத்தில் உட்கார்த்தினாள். பாத்திரத்தைத் திறந்தாள். "சாப்பிடு கண்ணு, நம்ம ஊர்ச் சாப்பாடு. எத்தனை நாள் ஏங்கியிருப்பே!"

உள்ளே இருந்தது மக்காச்சோள மாவுக் களி. அவர்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். எங்கள் ஊரில் போஷோ. பள்ளிக்கூடத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை போடுகிற அதே போஷோ. லெட்டி அதைத் தாய்நாட்டு ஏக்கத்தோடு தின்றாள். கோரெட்டி வாழையிலையில் கட்டி வேகவைத்த கோழி, சமையற்கட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், நீங்களும் வந்து உக்காருங்க" என்று வாசலில் நின்ற கோரெட்டியைக் கைகாட்டி அழைத்தாள் அந்த அம்மாள். கோரெட்டி பாயோரம் வந்து நின்றதும் சொன்னாள்: "ஒரு முடிவுக்கு வந்துட்டேன். லீவு விட்டா இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும். எல்லா லீவும். பாஷையையாவது கத்துக் குடுக்கறேன். டைரக்டர் சார், என்ன சொல்றீங்க?"

புதிய பெற்றோர் சிலரோடு அந்தப் பக்கம் வந்த டைரக்டர், "தாராளமா! இங்க எல்லாம் ஒரே குடும்பம்தானே!" என்று கையைத் தட்டினார்.

கோரெட்டிக்கு இருந்ததே அந்த லீவுதான். அதுவும் போய்விட்டது. யோசிப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"குடுக்க மாட்டேன்! இவ என் பொண்ணு. நான் பெத்த பொண்ணு!"

பாய்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. டைரக்டரின் முகம் வெளிறியது.

திருமதி கச்சாலே மெல்ல எழுந்தாள். கோரெட்டியை இறுகக் கட்டிக்கொண்டாள். "பாத்தீங்களா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "யாரோ எவரோ பெத்த பிள்ளைக்கு இப்படித் துடிக்கிறாங்களே! பெத்தவளுக்கு இல்லாத பாசம்!"

டைரக்டருக்கு உயிர் வந்தது. "எங்க பள்ளியில எல்லா டீச்சரும் இப்படித்தான்" என்றார். காங்கோக்காரர் ஒருவர் தன் சின்ன மகளை முன்னே தள்ளி, "இவளையும் இப்படிப் பாத்துக்குவீங்களா, மேடம்?" என்று கேட்டார்.

"ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன்! நம்புங்க! வேணும்னா அவளையே கேளுங்க!" என்றாள் கோரெட்டி.

எல்லாரும் லெட்டியைப் பார்த்தார்கள். வாய் நிறையப் போஷோ. அவள் டைரக்டரைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். பாயின் ஓரத்தில் அவளுடைய கால் கோரெட்டியின் காலை அழுத்தி மிதித்தது. சும்மா இரு என்று வீட்டில் அம்மா மகளுக்குச் செய்கிற ஜாடை அது. மென்றதை நிதானமாக விழுங்கினாள்.

"மேடம் எங்க எல்லாரையும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். "ரொம்ப நல்லவங்க."

கூட்டம் கைதட்டியது. கோரெட்டி இத்தனை வருடம் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன எந்த வார்த்தைக்கும் அப்படி ஒரு கைதட்டு விழுந்ததில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படி அழுவாளோ அப்படி. அந்தக் காங்கோக்காரர் தன் மகளை அவள் மடியில் உட்கார்த்திவிட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்று படம் எடுத்தார்.