ஒரு பல் தள்ளி

விரிசல் விட்ட பழைய ஸ்டீயரிங்கை இழுத்துக் கழற்றியதும் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும் கிரீஸும் கலந்த வாடை வந்தது. புது ஸ்டீயரிங்குக்காக ஊர் ஊராக அலைந்தவன், அதை மாட்டாமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன்.

சின்ன வயதில் சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரிக்கு இந்த அம்பாசடரில் போவோம். முன்சீட்டில் அப்பா அம்மா நடுவில் நான் நிற்பேன், அதே வாடை. வண்டி நேராகப் போகும். ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். யாரோ ஒரு மெக்கானிக் அதைப் பல் பல்லாக இருக்கும் தண்டில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாராம்.

"நாளைக்குச் சரி பண்ணிருதேன்" என்பார் அப்பா.

"கல்யாணமான நாள்லேருந்து இதையேதான் சொல்லுதிய" என்பாள் அம்மா.

மாமா கார் வாங்கி வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்து, "உங்க ஸ்டீயரிங் கோணலா இருக்கு மாமா" என்றேன்.

"ஏலே, உங்கப்பா உன் கண்ணையே கோணலாக்கிட்டாருல" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவைத் தவிர.

அந்தப் பேச்சே இனி வேண்டாமென்று இப்போது புது ஸ்டீயரிங்கை நேராக மாட்டினேன். அப்பா ஓட்டிப் பார்த்தார். கை பழைய பழக்கத்தில் இடப்பக்கம் சாய்க்க, வண்டி எதிர்வீட்டுச் சுவரை உரசப் போய் நின்றது. இறங்கிச் சாவியை நீட்டினார்.

"எனக்கு வயசாயிட்டு மக்கா. இனிமே நீயே ஓட்டு."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி நட்டைக் கழற்றி, ஒரு பல் இடப்பக்கம் தள்ளி மாட்டினேன். அவரை வற்புறுத்தி உட்காரவைத்து நானும் ஏறிக்கொண்டேன். தெருமுனையோடு வீட்டுக்குத் திரும்பிவிடாமல் மெயின் ரோட்டில் ஏறினார்.

"இப்பதாம்ல நேரா இருக்கு" என்றார்.