மூட்டை இல்லாத டிக்கெட்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லவந்த விஷயத்தில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

அக்காவை நினைத்தால் ஒரு சாக்கு மூட்டைதான் முதலில் கண்முன் வருகிறது. சாமை அரிசி, மிளகு, சுக்கு, பூண்டு எல்லாவற்றையும் அடைத்து, வாயைச் சணலால் தைத்து, அவளே என் வேனில் தூக்கிப் போட்டாள். மலேசியாவில் அவளுடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற மகளைப் பார்க்கப் போகும் தாய் மூட்டையோடுதான் போவாள். வெறுங்கையோடு போனால் உறவு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த உறவு ஏற்கெனவே பாதி அறுந்துதான் இருந்தது. மகள் தன் விருப்பப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து தாயும் மகளும் பேசவில்லை. பிள்ளை பிறந்த பிறகு மகளே போன் செய்து, டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னாள். “சாமானம் ஒண்ணும் வேண்டாம்மா, நீ மட்டும் வா” என்றாளாம். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

“அவளுக்குக் கோவம் போகலடா. நம்ம பண்டம் அவ ஊட்டுக்குள்ள வரக்கூடாதாம். ஊரு பேச்சுக்குப் பயந்து கூப்படறா.”

வேண்டாம் என்று சொன்னதாலேயே மூட்டையை இன்னும் பெரிதாகக் கட்டினாள்.

திருச்சி விமான நிலையத்தில், வழியனுப்புகிறவர்களுக்கான சீட்டு வாங்கிக்கொண்டு நானும் உள்ளே போனேன். மூட்டையைத் தராசில் வைத்ததும் கவுன்டரில் இருந்த பெண், “அம்மா, இது லக்கேஜ் இல்லாத டிக்கெட். ஆளுக்கு மட்டும்தான் போட்டிருக்காங்க. மூட்டைக்குத் தனியா கட்டணும்” என்றாள். அவள் சொன்ன தொகைக்கு அந்த மூட்டையை இன்னொரு முறை வாங்கி நிரப்பலாம்.

அக்கா பக்கத்து வரிசையைக் காட்டினாள். “ஏங்கண்ணு, அந்தா நிக்கறாரே, அவரு என்னயாட்டம் ரெண்டாளு இருப்பாரு. அவரத் தராசுல ஏத்துனியா?”

அந்த மனிதரே சிரித்துவிட்டார். “ஏத்தினா தராசு போயிடும்மா!”

அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “பாத்தியாடா. எம்பட மூட்டை வரக்கூடாதுன்னே போட்டிருக்கறா” என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் வெளியாட்களிடம் வாய் திறக்கக் கூசுகிறவன். அன்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், மூட்டையோடு சேர்த்துப் போட்டிருந்தால் டிக்கெட் எவ்வளவு கூடும் என்று. அவள் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் என் தொழிலும் அதுதான். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைமேல் குண்டூர் நாட்டுக்கு வேன் ஓட்டுகிறேன். முதலில் ஆளுக்கும் மூட்டைக்கும் சேர்த்து ஒரே கூலி வைத்திருந்தேன். வியாபாரிகளின் மிளகு மூட்டை கூரை நிறைய ஏறும். வளைவுக்கு வளைவு அது குடிக்கும் டீசலுக்கு, கையை வீசிக்கொண்டு வந்தவனும் சேர்த்துக் கொடுத்தான். பிறகு ஆள் கூலியைக் குறைத்து, மூட்டைக்குத் தனியாக வைத்தேன். “அப்ப மூட்டைக்கும் ஒரு சீட்டு குடுங்க, உக்காந்துட்டு வரட்டும்” என்று வியாபாரி ஒருவர் சண்டை போட்டார். ஆனால் அதுவரை காசில்லாமல் நடந்தே இறங்கியவர்கள் வண்டியில் ஏறினார்கள். எனக்கு லாபமும் மூட்டையில்தான், அதை மறைக்கவில்லை. முன்பே சொல்லாமல் வழியில் மூட்டையோடு கை காட்டுகிறவரிடம் கூடுதலாகவும் வாங்குகிறேன். அவருக்கு வேறு வண்டி கிடையாது. டிக்கெட் போடும்போதே கட்டாத மூட்டைக்குக் கவுன்டரில் விலை ஏறுவதும் அதனால்தான்.

“கோவத்துல போடலக்கா” என்றேன். “மாப்பிள்ள ஓட்டல்ல வேல செய்யறாரு. மூட்டைக்கும் சேத்துப் போடறதா இருந்தா உன்னயக் கூப்பிடவே அவங்களால ஆயிருக்காது. இருந்த காசு உனக்கு மட்டுந்தான் பத்தியிருக்குது.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் கட்டறேன்” என்று பர்ஸை எடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். மூட்டையை இறக்கி, தைத்த சணலைப் பல்லால் கடித்துப் பிரித்து, ஒரு பிடி மிளகு அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள்.

“ஒரு நா ரசத்துக்கு ஆவும்.”

“வெறுங்கையோடயா போற?”

“அவ கேட்டது என்னயத்தாண்டா” என்றாள். சேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் வீசி நடந்தாள். சந்தைக்குக்கூட அவள் அப்படிச் சுமையில்லாமல் நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. வருடம் ஒருமுறை தாயோடு மலைக்கு வருகிறது. நான் இன்னும் வேன்தான் ஓட்டுகிறேன், மூட்டைக்குச் சண்டை போடுகிறவர்களும் குறையவில்லை. கையில் ஒன்றுமில்லாமல் யாராவது ஏறினால் மட்டும் கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன். மலைமேல் யாரோ அவரை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை.