அம்மா காதால் கேட்ட படம்

1994 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வடக்கே கரும்பாலையில் பாகு கொதிக்கும் வாசனை விடிவதற்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்து போர்வையிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான். நாங்கள் "நைனா" என்று கூப்பிடும் அப்பா ஆலைக் கொப்பரையில் பாகு கிண்டப் போய்விட்டிருந்தார். நான் கைப்பம்பில் தண்ணீர் பிடித்து வைத்தேன், வாசலுக்குச் சாணம் தெளித்தேன், திங்கட்கிழமைக்கான தெலுங்குப் பாடத்தை ஒரு முறை பார்த்து எழுதினேன், பிறகு நைனாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் செய்கிற வேலைகள்தான். புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று. வீட்டு மூலையில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்தாள். அவள் என் அம்மா, கோவிந்தம்மா. பொங்கலுக்கு முந்தின நாள் குவைத்திலிருந்து வந்திருந்தாள். வந்ததிலிருந்து அன்றுவரை நான் அவளை ஒரு முறைகூட அம்மா என்று கூப்பிட்டிருக்கவில்லை.

காரணம் ஒரு சினிமா. அதன் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊர் ஆந்திராவில், சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. குவைத்தில் சண்டை முடிந்து அங்கே மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியபோது முதலில் டிரைவர்கள் போனார்கள், பிறகு வீட்டு வேலைக்குப் பெண்கள் போனார்கள். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் குரலைக் கேசட்டில் பதித்து, லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். தையல்காரர் கடையில் இருந்த டேப்பில் அதைப் போட்டுக் கேட்போம். "எல்லாம் நல்லா கீறீங்களா?" என்று தொடங்கி, நாங்கள் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்த இடைவெளியில் நாங்களும் டேப்பைப் பார்த்து, "நல்லா கீறோம்மா" என்று உரக்கச் சொல்வோம். கடையில் துணி தைக்க வந்தவர்கள்கூடச் சொல்வார்கள். எங்கள் தெருவுக்குக் குவைத்திலிருந்து வருகிற கேசட் என்றால் அது கடிதம். வேறு எதுவாகவும் அது இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

ஆடி மாதத்துக்குப் பிறகு கேசட் வரவில்லை. கார்த்திகையில், அம்மா வேலை செய்த தெருவிலேயே வேலை செய்த ரமணம்மா என்பவர் லீவில் வந்திருப்பதாகத் தெரிந்து, நைனா திருப்பதிக்குப் போனார். அலிபிரிப் பக்கம் இருந்த அவர் வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்ததாம். வாசலிலேயே ஒரு பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பையில் நான்கு சோப்பு, ஒரு கம்பளி, ஒரு கேசட். வழக்கமான சின்ன கேசட் இல்லை, செங்கல் அளவுக்குப் பெரிய வீடியோ கேசட்.

பெரிய கேசட் என்றால் பெரிய கடிதம் என்று நாங்கள் முடிவு செய்தோம். "இத்தினி நாளும் கொரல் மட்டும் வந்துகினு இருந்துச்சு, இப்ப ஆளே வரப்போறா" என்றாள் ராஜம்மா அத்தை. நைனாவின் அக்கா, அம்மா போனதிலிருந்து எங்களோடு இருந்தாள். நைனா சித்தூருக்குப் போய் டிவியும் வீடியோ கேசட் போடுகிற "டெக்"கும் வாடகைக்குப் பேசிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெக்காரன் வருவதாக ஏற்பாடு. அன்று காலையில் வீட்டை மெழுகினோம். நைனா முகச்சவரம் செய்துகொண்டார். அத்தை எனக்குத் தலை பின்னிப் பூ வைத்து, தானும் பெட்டியில் இருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு முனிரத்தினம் மாமா கேலி செய்தார். "இன்னாக்கா இது சோக்கு? அதுல கோயிந்தம்மா தெரிவா சரி, நீ அவளுக்குத் தெரிவியா?"

"தெரியாட்டி போவட்டும்டா. அவ மூஞ்சிய பாக்கும்போது நம்ம மூஞ்சி நல்லா இருக்க வாணாமா?" என்றாள் அத்தை.

ஜன்னலில் கோணியைத் தொங்கவிட்டு வீட்டை இருட்டாக்கினார்கள். தெருவில் பாதிப் பேர் உள்ளே இருந்தார்கள். டெக்காரன் கம்பிகளைச் செருகிவிட்டு, "படம் பளிச்சுனு வரும், சவுண்டுதான் அடம் பிடிக்குது" என்றான். டிவியிலிருந்து காற்றடிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. "ஆளு தெரிஞ்சா போதும்பா" என்றார் நைனா.

முதலில் சாம்பல் நிறத்தில் கடல் வந்தது. பிறகு கரையில் ஒரு வீடு. வீட்டுக்குள் முடிவே இல்லாத ஒரு தாழ்வாரம். அதில் ஒரு பெண் தண்ணீர் நிறைந்த பேசினை ஏந்திக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் இருந்த கதவைத் திறந்தாள். உள்ளே மறுபடி அதே தாழ்வாரம். "அதோ அம்மா!" என்று நான் கத்தினேன். அத்தையும் அவள்தான் என்றாள். நடை அப்படியே அம்மாவின் நடை, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. "இரு, இப்பத் திரும்புவா" என்றார்கள். அவள் திரும்பவில்லை. ஒரு மேசையில் ஒரு சிறுமி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தோல் வந்துகொண்டே இருந்தது, பழம் வரவில்லை. ஒரு குதிரை வீட்டுக்குள் வந்து, அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு அந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்றாள். அவள் தோள்கள் குலுங்கின. நெடுநேரம் குலுங்கின.

"அழறாளே!" என்று அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டாள். நைனா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் ஓர் அறைக்குள் போனாள். கதவு மூடியது. கதவு திறந்தபோது அதே உடுப்பில், அதே பேசினோடு, வேறொருத்தி வெளியே வந்தாள். வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மேசையில் இருந்த சிறுமிகூடத் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஆரஞ்சை உரிக்கப் போய்விட்டாள். "ஆள மாத்திட்டாங்கடி" என்று இருட்டில் யாரோ முணுமுணுத்தார்கள். கடைசியில் வீட்டு நாற்காலிகள் எல்லாம் கடற்கரையில் வரிசையாக நின்றன, அலை வந்து அவற்றின் காலை நனைத்தது, பிறகு திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

கோணியை எடுத்தபோது வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியது. டெக்காரன்தான் பாவம், "எங்கிட்ட சாமி படம் ஒண்ணு கீது, போடட்டா?" என்று கேட்டான்.

"அது சினிமாய்யா. நம்ம கோயிந்தம்மா இல்ல. எந்த நாட்டு சினிமாவோ" என்றார் முனிரத்தினம் மாமா.

"சினிமான்னா எனுக்கு எதுக்கு அனுப்புறா?" என்றார் நைனா.

பேச விடாததால்தான் குரல் வரவில்லை, சொல்ல முடியாததை இப்படிக் காட்டியிருக்கிறாள் என்று தெரு முடிவு செய்தது. மறுநாளே நைனா ஏஜென்ட்டைத் தேடிப் போனார். மகளுக்கு உடம்பு மோசம் என்று சொன்னால்தான் அந்த வீட்டில் விடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லிக்கொடுத்ததை, சித்தூர் டெலிபோன் பூத்தில் நின்று அப்படியே சொன்னார்.

அம்மா வந்து இறங்கியதும் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. என் கழுத்தையும் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மெலிந்திருந்தாள், நிறம் மாறியிருந்தது, அவள் மேல் சோப்பு வாசனை அடித்தது. யார் பேசினாலும் தரையைப் பார்த்தாள். வேலை செய்யும்போது எப்போதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது தோள் தாழ்ந்திருந்தது. ஆனால் படத்தில் கதவைத் திறந்து வந்த மற்றவளுக்கும் அது தாழ்ந்துதான் இருந்தது. கதவுக்குள் போனவள் யார், வெளியே வந்தவள் யார் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அதை யாரிடம் கேட்பது? நைனா அவளோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். அத்தை அவள் கொண்டுவந்த தைலத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த அந்தச் சிறுமியின் நிலைமைதான் எனக்கும்.

நான் தேதி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்து வைக்கும்போது அலமாரியில் இருந்த பெரிய கேசட் அவள் கையில் பட்டது. அவள் முதுகைத் திருப்பாமலே கேட்டாள்: "இத பாத்தீங்களா?"

"ம்."

"கதை இன்னா?"

எனக்குப் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டு மூத்த பெண் காலை ஒடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருந்தாளாம். தினமும் இதே படத்தைத்தான் போடுவாளாம். சமையலறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் அம்மா ஒரு நாளும் பார்த்ததில்லை. கால் சரியானதும் அந்தப் பெண் கேசட்டுகளைக் குப்பையில் போட்டபோது அம்மா இதை எடுத்து வைத்துக்கொண்டாள். பேசி அனுப்ப டேப் ரெக்கார்டர் கொடுத்து உதவியவள் ஊருக்குப் போய்விட்டதால், இதையாவது அனுப்பலாம் என்று அனுப்பினாள். "ஊட்டுல எல்லாம் பாத்து வைக்கட்டும், நான் வந்து கதை கேட்டுக்கறேன்னு ரமணம்மாகிட்ட சொல்லி உட்டனே. சொல்லலியா?"

ரமணம்மா கல்யாண வீட்டு அவசரத்தில் எதுவும் சொல்லவில்லை.

"சவுண்டு வரல" என்றேன்.

"எனுக்கு சவுண்டு மட்டும்தான் வந்துச்சு" என்றாள். மடித்த துணியை அடுக்கிக்கொண்டே, "மொதல்ல மழ பேயும். ரொம்ப நேரம்" என்றாள்.

"மழ இல்ல. கடல்."

"கடலா? அப்பால தண்ணி தளும்புற சத்தம்."

"ஒருத்தி பேசினி எடுத்துகினு நடப்பா."

"நடுவுல ஒலக்கையில இடிப்பாங்களே, டக்கு டக்குனு?"

"அது குதுர."

"ஊட்டுக்குள்ளயா?"

"ஊட்டுக்குள்ளதான். ரூமு ரூமா பாத்துட்டு போவும்."

"அடிப்பாவி, நான் மாவு இடிக்கறாங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!" என்று அவள் பாதி திரும்பினாள். ஒரு கன்னமும் மூக்குத்தியும் தெரிந்தன. அவள் சத்தத்தைச் சொல்ல, நான் படத்தைச் சொல்ல, வரிசையாகப் பொருத்திக்கொண்டே போனோம். சில சத்தங்களுக்குப் படம் கிடைக்கவில்லை. ஆரஞ்சுப் பழத்துக்குச் சத்தமே இல்லை. நான் சொன்னபோது, "அப்ப நடுவுல ஒண்ணுமே கேக்காதே, அதுதான்" என்றாள்.

"அதுக்கு அப்பால அந்தப் பொம்பள சிரிப்பா" என்றாள்.

"யாரு? யாரும் சிரிக்கல."

"சிரிப்பாளே, தனியா, அடக்க மாட்டாம. எத்தினி நாளு கேட்டுகீறேன்."

அந்த இடத்தில் எந்தப் படம் வரும் என்று எனக்குத் தெரியும். அவள் சுவரைப் பார்த்து நிற்பாள். தோள் குலுங்கும். நாங்கள் வீடு நிறைய உட்கார்ந்து பார்த்தோம். அத்தை அழுதாள். நைனா எழுந்து பக்கத்தில் போனார். அதனால்தான் இவளை ஊருக்கு வரச்சொன்னார்.

"நாங்க அவ அழறான்னு நெனச்சோம்" என்றேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "நீ அங்க அழுதியாம்மா?" என்றேன்.

அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவளுக்கு உடனே உறைத்தது. முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"கொழாய தொறந்து உட்டுட்டு அழுவேன்" என்றாள். "அந்நேரத்துக்குத்தான் பக்கத்து ரூமுல அவ சிரிப்பா. யாருடி இவ, நம்மள பாத்து சிரிக்கறாளேன்னு இருக்கும்."

ரூமுக்குள் போனவள் வேறு, வந்தவள் வேறு என்கிற இடத்தை நான் கடைசியாகச் சொன்னேன். அதற்கு என்ன சத்தம் என்று கேட்டேன். அம்மா யோசித்தாள். "கதவு சாத்துற சத்தம். மறுபடி தொறக்கற சத்தம்" என்றாள். "அவ்வளவுதான்."

எங்கள் பழைய வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் தளம் போட்ட வீடு நிற்கிறது. சித்தூரில் டெக் வாடகைக்கு விட்ட கடைகளின் தடம்கூட இல்லை. நைனா பிற்பாடு குத்தகைக்கு எடுத்த காணியில் வேர்க்கடலை விதைத்தபோது, அந்தக் கேசட்டைப் பிரித்து நாடாவை வயலின் குறுக்கே கட்டினார். பறவைகள் வராமல் இருக்க எங்கள் பக்கத்தில் அப்படிக் கட்டுவார்கள். காற்றடித்தால் நாடா மினுங்கும், ஓயாமல் முனகும். வயலில் தனியாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது. என் மகன் நான் சொன்ன அடையாளங்களைப் போட்டு இணையத்தில் தேடிப் பார்த்தான். கடல், குதிரை, ஆரஞ்சு. எத்தனையோ படங்கள் வந்தன, அது வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து இன்றும் பெண்கள் குவைத்துக்குப் போகிறார்கள். சாயங்காலமானால் போனில் முகம் முகமாகப் பேசுகிறார்கள். பிள்ளைகள் சலித்துக்கொண்டு போனைக் கீழே வைக்கிறார்கள். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. படத்தின் பாதி அவளோடு போய்விட்டது. என்னிடம் இருப்பது இன்னும் சத்தமில்லாமல்தான் ஓடுகிறது. சில நாட்களில் அதில் நடந்து போகிறவளை நான் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன்.

நாங்கள் படத்தைப் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்னால், அம்மாவும் நானும் முதல் வேலையாக அடுப்பைப் பெயர்த்தோம். கிழக்குச் சுவரை ஒட்டி இருந்த மண் அடுப்பை நகர்த்தி, ஆக்குகிறவள் வீட்டைப் பார்த்து உட்காருகிற மாதிரி எதிர்ப்பக்கமாக வைத்துக் களிமண் பூசினோம். "கெழக்கு பாத்துதான் ஆக்கணும், மேற்க பாத்து ஆக்கறவள இப்பத்தான் பாக்கறேன்" என்று அத்தை வாசலில் நின்று கத்தினாள். அம்மா ஈரம் காயாத அடுப்பில் சுள்ளியை வைத்துப் பற்றவைத்துவிட்டு, புகைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.