நாலு வயதில் இறந்த எள்ளுத்தாத்தா

டோரீன் பர்ஸ்லோ இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். வரிசையில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகு செத்துப்போன சொந்தங்களை எண்ணத் தொடங்கினாள். வியாழன் தவறாமல் பஸ் பிடித்து ஷ்ரூஸ்பரி ஆவணக் காப்பகத்துக்குப் போவாள். மீந்துபோன சுவர்க்காகிதத்தின் பின்பக்கத்தில் பர்ஸ்லோ வம்சம் பென்சிலில் இறங்கி வந்தது.

உச்சியில் எள்ளுத்தாத்தா சைலஸ். 1851 மார்ச் மாத மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நாற்பது ஏக்கர் விவசாயி, வயது இருபத்தொன்பது' என்றிருந்தது. தேவாலயப் பதிவேட்டிலோ அவருக்கு 1816இலேயே ஞானஸ்நானம் ஆகியிருந்தது. ஆறு வருஷம் உதைத்தது. அந்தக் காலத்தில் யாருக்கு வயசு சரியாகத் தெரியும் என்று டோரீன் அதைத் தள்ளிவிட்டாள்.

சைலஸ் உழுத பண்ணை இப்போது பெப் தம்பதியிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தானியக் கொட்டகையைத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னதும், முப்பத்தேழு சொந்தங்களுக்கு விருந்துக்கு வரச்சொல்லிக் கடிதம் பறந்தது. பழக்கேக்கின் மேல் சைலஸ் பெயரையும் 1816 என்ற வருஷத்தையும்கூட எழுதியாகிவிட்டது.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழன், அவர் இறந்த தேதியையும் பார்த்துவிடலாமென்று அடக்கப் பதிவேட்டை முதலிலிருந்தே புரட்டினாள். 1820 மார்ச்: 'சைலஸ் பர்ஸ்லோ, தாமஸின் மகன், வயது நாலு.'

வெளியே ஓடிவந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"கிளைவ், சைலஸ் நாலு வயசுலயே செத்துட்டாருடா!"

"நாலு வயசுக்குள்ள நாப்பது ஏக்கர் உழுது, ஏழு புள்ளையும் பெத்துட்டாரா? பலே ஆளு!"

"சிரிக்காதடா. யாரோ ஒருத்தன் வம்சத்த நம்ம வம்சம்னு காட்டப் போறேன்."

"விருந்துல பன்றிக்கறி அடைச்ச பலகாரம் உண்டுல்ல? அப்புறம் எவன் கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன்ல!"

திரும்ப உள்ளே போனாள். பாத்திரத்தின் அடியைச் சுரண்டிப் பார்க்காமல் சாப்பாடு தீர்ந்தது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, 1820ஐத் தாண்டி, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினாள். 1821 நவம்பர்: 'சைலஸ், தாமஸ்-ஹான்னா தம்பதியின் மகன்.' விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். 1851 மார்ச்சில் சரியாக இருபத்தொன்பது!

வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். காப்பக மேசையிலிருந்த அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"என்ன கண்ணு, புதையலா?"

"எங்க தாத்தா மறுபடி பொறந்துட்டாருங்க!"

"செத்த புள்ள பேர அடுத்ததுக்கு வச்சிருப்பாங்க. அப்பல்லாம் அதான் வழக்கம்."

டோரீன் பதிவேட்டை மூடவில்லை. இருபது மாதம் கழித்து, அதே வாசலில் நின்று அதே பெயரை மறுபடி கூப்பிட ஹான்னாவுக்கு எப்படி நா எழும்பியதோ என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று கொட்டகையில் சிரிப்பும் ஆப்பிள் சாராயமுமாக ஒரே அமளி. கிளைவ் கேக்கின் மேல் குனிந்தான்.

"வருஷத்த மாத்திட்ட, சரி. ஓரத்துல பொடி எழுத்துல இன்னொரு சைலஸ் எதுக்கு?"

"அவன் மூத்தவன். அவனையும் கூப்பிட வேணாமா?"

கத்தியோடு வந்த அவன் கையில் ஒரு தட்டு தட்டினாள். அந்தப் பொடி எழுத்து இருந்த துண்டைத் தானே பத்திரமாக வெட்டியெடுத்து, உயர்த்திப் பிடித்துக் கேட்டாள்:

"இங்க நாலு வயசு யாருக்கு?"

மூன்று பொடிசுகள் கையைத் தூக்கின. அறுபத்தாறு வயசு கிளைவும் தூக்கினான்.