சர்க்கரையை விட்டவரோடு இருநூறு கிலோமீட்டர்

என் சகலைக்கு நான் செய்ததை, சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இன்னும் சொல்லவில்லை. "சைக்கிள் விஷயம் சாமி" என்று ஆரம்பித்தால் எங்கள் பங்குக் கோயிலின் இளம் சாமியார் சிரித்துவிடுவார் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். அவர் சிரிக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்காக எங்கள் வேதத்துக்கு வந்தார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாகப் பக்கத்தில் நின்றது நான். என்னைவிட ஆறு வயதுதான் இளையவர். விசுவாசத்தில் இவருக்கு வழிகாட்டுவீர்களா என்று சாமியார் கேட்டார். வழிகாட்டுவேன் என்றேன். அப்போது என் நினைப்பெல்லாம் மத்தியான பிரியாணியின் மேல் இருந்தது.

கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதமே அவர் ஒரு ரோடு பைக் வாங்கினார். நான் பார்த்து ஆசைப்பட்டு, மனதை அடக்கி வாங்காமல் விட்ட அதே மாடல். அதுவரை மாமியார் வீட்டில் சைக்கிள் என்றால் நான்தான். ஒன்பது வருடம் ஓட்டிச் சேர்த்த என் மெடல்கள் அவர்கள் வீட்டு ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் தொங்குகின்றன. வருகிறவர்களிடம் மாமியார் காட்டுவார். "பெரிய மாப்ள இருநூறு கிலோமீட்டரு, முந்நூறு கிலோமீட்டரு போவாரு" என்பார். அந்தப் பெருமையை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ள நான் தயாராக இல்லை. அல்பத்தனம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இருந்தாலும் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். கேட்டால் மறுக்க முடியாத உறவு. சனிக்கிழமை காலையில் பொம்மனஹள்ளியில் என் வீட்டு வாசலில் இருந்து கிளம்பி, ஓசூர் ரோட்டில் அத்திப்பள்ளி வரை போய்த் திரும்புவோம். முதல் மாதம் என் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, நாக்கு வெளியே தள்ள வந்தார். நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை, அத்திப்பள்ளி ஏற்றத்தில் என்னைத் தாண்டினார். தாண்டும்போது அவருடைய கம்பெனி கேன்டீனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை. அன்றைக்குத் தைத்தது முதல் முள்.

இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் கூடினால் கால்களைப் பற்றிப் பேசுவது குறைவு. சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை இரண்டு மணி நேர ஓட்டத்துக்குக் காணும். அதற்குப் பிறகு நாம் போடுவதைத்தான் அது எரிக்கும். அதனால் அரை மணிக்கு ஒரு தரம், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், வாழைப்பழமோ பேரீச்சையோ கடலை மிட்டாயோ உள்ளே போக வேண்டும். மத்தியான வெயில் ஏறிவிட்டால் சோறும் இட்லியும் தொண்டையில் இறங்காது. அப்போது சர்க்கரைத் தண்ணீர்தான் தெய்வம். போடாவிட்டால் திடீரென்று எல்லாம் அணைந்துவிடும். கை நடுங்கும், பேச்சு குழறும், கண் முன்னால் ரோடு இரண்டாகத் தெரியும். எங்கள் கூட்டத்தில் அதற்கு ஃப்யூஸ் போவது என்று பெயர்.

இதையெல்லாம் சகலைக்கு ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்தார்கள். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் மெடல். இருவரும் பெயர் கொடுத்தோம். அவர் மாமியார் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஷோகேஸில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னாராம். வேதத்துக்குப் புதியவர், வீட்டுக்கும் புதியவர். அந்த மெடல் கிடைத்தால் அந்த வீட்டில் தனக்கும் ஓர் ஆணி அடித்துவிடலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பில் தப்பே இல்லை.

நடுவில் விபூதி புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. எங்களைப் போன்ற பரம்பரைக் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் கறியை விடுவோம், ஈஸ்டர் எப்போது வரும் என்று காலண்டரைப் பார்ப்போம். சகலைக்கு அது முதல் தவக்காலம். சர்க்கரையை விட்டார். காபியில் இல்லை, பிஸ்கட் இல்லை, இனிப்பு என்று நாக்கில் எதுவும் இல்லை. ஈஸ்டர் வரைக்கும் என்று கர்த்தரிடம் சொல்லிவிட்டாராம்.

ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பு எனக்கு போன் செய்தார்.

"அண்ணா, ஒரு டவுட்டு. ரைடு அன்னைக்கு மட்டும் சர்க்கரை எடுத்துக்கலாமா? சர்ச்சுல அந்த மாதிரி ஏதாச்சும் ரூல் இருக்கா?"

ரூல் இருந்தது. விபூதி புதனில் இருந்து ஈஸ்டர் வரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். தவக்காலம் நாற்பது நாள்தான். நடுவில் வரும் ஆறு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாள், ஒருசந்தி விரதக் கணக்கில் சேராது. சின்ன வயதில் ஏழு வருடம் பூசைக்கு மணி அடித்தவன் நான். எங்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் கறி வெந்தது இதை வைத்துத்தான். அவர் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. "ஞாயிறு தாராளமா சாப்பிடுங்க" என்று சொல்லி போனை வைத்திருக்கலாம்.

"நேர்ந்துக்கிட்டது நீங்க. நான் என்ன சொல்றது?" என்றேன்.

"இல்லண்ணா, நீங்க சொன்னா சரியா இருக்கும்."

"வைராக்கியம்னா முழுசா இருக்கணும் சகல. பாதியில உடைக்கறதுக்கு எதுக்கு வைராக்கியம்?"

"அப்போ வாழைப்பழம்?" என்றார்.

"அதுவும் சர்க்கரைதானே."

இந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு யாரும் என்னைத் தூண்டவில்லை. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, மேயும்போது வேலிக்கு நல்ல ருசியாக இருந்தது.

ஓட்டம் விடிகாலை ஐந்து மணிக்கு. சனி மாலைப் பூசையிலேயே ஞாயிறு கடனை முடித்திருந்தோம். சகலையின் பையில் நான்கு அவித்த முட்டை, உப்புக் கடலை, முறுக்கு, வெறும் உப்புப் போட்ட தண்ணீர். என் பையில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

போகும்போது இறக்கம்தான் அதிகம். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி தாண்டி பர்கூருக்குப் பக்கத்தில் நூறாவது கிலோமீட்டர். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில், பாதி தூரம் வந்ததற்கு அடையாளமாக எங்கள் ஓட்ட அட்டையில் முத்திரை குத்துவார்கள். சகலை என்னைவிட எட்டு நிமிடம் முன்னால் வந்து, இலையில் தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். முட்டையும் கடலையும் தின்றுவிட்டு அந்த வேகத்தில் வந்திருக்கிறார் என்றால் அவர் கால் எப்பேர்ப்பட்ட கால் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோறு பாதிதான் உள்ளே போனது. வெயில் ஏறியிருந்தது.

"நல்லா ஓட்டுறீங்க" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

திரும்பி வருவதெல்லாம் ஏற்றம். கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் மேலுமலை. லாரிகளே முனகிக்கொண்டு ஏறும் இடம். மத்தியானம் ஒரு மணி வெயிலில் தார் ரோடு தோசைக்கல்லாகக் கிடந்தது. பாதி ஏற்றத்தில் சகலையைப் பிடித்தேன். சைக்கிளை விட்டு இறங்கித் தடுப்புச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தயிர்ச்சோறு முழுவதும் வெளியே வந்து கிடந்தது. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறக்க இரண்டு தரம் முயன்று விட்டுவிட்டார்.

இறங்கினேன். மூடியைத் திறந்து கொடுத்தேன். அதையும் செய்யாதவன் இல்லை நான்.

"அண்ணா, எத்தனாவது கிலோமீட்டர்?"

"நூத்தி முப்பத்திரெண்டு."

"டைம் இருக்கா?"

"நிறைய இருக்கு."

உண்மையில் நிறைய இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கால் மணி உட்கார்ந்து இரண்டு கடலை மிட்டாயும் ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீரும் இறக்கியிருந்தால் எழுந்து ஓட்டியிருப்பார். முடித்திருப்பார். எனக்கு முன்னாலேயே முடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டும் என் முதுகுப் பையில் இருந்தன.

அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். நாக்கு தடித்திருந்தது.

"ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி குடிச்சா பாவமாண்ணா?"

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அந்த மனிதருக்குப் பசி வந்து, மயக்கம் வந்து, வாந்தியும் வந்த பிறகும் ஒன்று பறக்காமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. ஏற்றத்தில் என்னைத் தாண்டியபோது வந்ததைவிட அதிகமாக வந்தது.

"அதை உங்க மனசாட்சிதான் சொல்லணும்" என்றேன்.

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டி, "வேணாம். நீங்க கிளம்புங்க, உங்க டைமு வேஸ்ட்டாவுது" என்றார்.

கிளம்பினேன். முதல் வளைவு தாண்டும்வரை ஒழுங்காக ஓட்டினேன். அவர் கண்ணுக்கு மறைந்ததும் பையில் கைவிட்டுக் கடலை மிட்டாயை எடுத்து, மிதித்துக்கொண்டே தின்றேன். அந்த வெல்லம் நாக்கில் கரைந்த இனிப்பு இன்னும் நினைவிருக்கிறது. நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தேகாலுக்கு முடித்தேன். அது என்னுடைய சிறந்த நேரம். சகலையை ஒரு தக்காளி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து ஓசூரில் இறக்கிவிட்டிருந்தார். சைக்கிள், தக்காளிக் கூடைகளுக்கு மேல் படுத்துக்கொண்டு வந்ததாம். டிரைவர் வாங்கிக் கொடுத்த டீயைச் சர்க்கரை இருந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான்கு பச்சைத் தக்காளியைக் கடித்துத் தின்றிருக்கிறார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஈஸ்டர் விருந்தில் அதை நான் நடித்துக் காட்டினேன். கண்ணைச் செருகிக்கொண்டு தக்காளியைக் கடிப்பது போல. சாப்பாட்டு மேஜையே குலுங்கியது. அவருக்கு அந்த வீட்டில் தக்காளி மாப்பிள்ளை என்று பெயர் வந்தது அப்படித்தான். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த வருடத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் பாயசம் வந்தது. சகலை டம்ளரைக் கையால் மூடினார்.

"தவக்காலம் அத்தை. இந்த வருஷமும் சர்க்கரை விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கெழமை என்னா தவக்காலம் மாப்ள?" என்றார் மாமியார். "ஞாயிறு கணக்குல வராது. யாரும் சொல்லலியா உங்களுக்கு? பெரிய மாப்ளையைக் கேளுங்க. நம்ம கோயில்ல மணி அடிச்சவராச்சே அவரு."

சகலை என்னைப் பார்த்தார். என் டம்ளரில் பாயசம் பாதி காலியாகியிருந்தது. போன வருட ஓட்டம் என்ன கிழமை என்று அவர் மனதுக்குள் எண்ணுவது எனக்கு முகத்திலேயே தெரிந்தது.

"அப்படியா அண்ணா?"

"ஆமா, அப்படி ஒண்ணு இருக்கு. எனக்கும் மறந்தே போச்சு" என்றேன்.

அவர் தோள் தளர்ந்தது. சிரித்தார்.

"அதானே. ஞாபகம் இருந்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. அன்னைக்கு நான் கெடந்த கெடப்பப் பாத்துட்டு சொல்லாம இருப்பீங்களா?" மூடியிருந்த கையை எடுத்து, டம்ளரை மாமியாரிடம் நீட்டினார். "இந்த வருஷ இருநூறும் ஞாயித்துக்கிழமைதான். என்னென்ன எடுத்துட்டு வரணும்னு நீங்களே லிஸ்ட் போட்டுக் குடுத்துடுங்கண்ணா."

சரி என்றேன். மாமியார் எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார், குடித்தேன்.

திரும்பும்போது கார் சில்க் போர்டு சிக்னலில் நின்றது. என் மனைவி அதுவரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"போன வருஷம் நீங்க ரைடுக்குக் கிளம்புன அன்னைக்கு, தவக்காலமாச்சே, காபிக்கு சக்கரை போடவான்னு கேட்டேன். ஞாயிறுதானே, ரெண்டு ஸ்பூனா போடுன்னீங்க."

சிக்னல் விழுந்தும் எடுக்காமல் இருந்திருக்கிறேன் போல, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இதை அவள் தங்கையிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். அன்றிலிருந்து எந்தக் கிழமையானாலும் எனக்கு வரும் காபியில் சர்க்கரை இல்லை. ஈஸ்டர் முடிந்தும் இல்லை. நான் கேட்பதில்லை, வாங்கிக் குடித்துவிடுகிறேன்.