சாய்ஸில் விட்ட பாடம்

பாஞ்சாலிக்கு முப்பத்தாறு வயது. கனகம்மாசத்திரத்தில், சென்னை–திருப்பதி சாலையோரம் இருக்கும் எடை மேடையில் வேலை. லாரி மேடையேறி நின்றதும், ஓட்டுநரின் எடையும் சேர்ந்துவிடாதபடி அவரை இறங்கச் சொல்வாள். சிவப்பு எண்கள் அலைந்து அடங்கும்வரை பார்த்திருப்பாள். வண்டி எண், சரக்கு, மொத்த எடை, காலி எடை. சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். இதற்கு எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் தேவையில்லை. முன்பு திருத்தணியில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்து வருடம் பாடம் எடுத்தாள். இங்கே சம்பளம் கூடுதல். தொண்டையும் வற்றுவதில்லை.

அவளுடைய நைனா துரைக்கண்ணு கரும்பு வெட்டிப் படிக்க வைத்தவர். மகள் அரசுப் பள்ளி டீச்சராகப் போகிறாள் என்று பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அது பதினான்கு வருடத்துக்கு முன்பு. இப்போது யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

முதுகலை ஆசிரியர் தேர்வை அவள் எழுதியது இது மூன்றாம் முறை. திங்கட்கிழமை தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. சரிபார்த்ததில் தொண்ணூற்றொன்று. அவள் பிரிவுக்குப் போன முறை கட்-ஆஃப் தொண்ணூற்றிரண்டில் நின்றது. இம்முறையும் அங்கேதான் நிற்கும் என்றார்கள். விடைக்குறிப்பில் தவறு இருந்தால் புத்தக ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை.

அறுபத்தேழாவது கேள்வி. m நிறையுள்ள ஒரு துகளின் உந்தம் mc; c என்பது ஒளியின் வேகம். துகளின் வேகம் என்ன? உந்தம் என்றால் நிறை பெருக்கல் வேகம். ஆகவே வேகம் c. தேர்வறையில் அரை நிமிடம்கூட அவள் யோசிக்கவில்லை. விடைக்குறிப்பு c/√2 என்றது. ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம்.

அந்த √2 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. கல்லூரியில் ஐந்து அலகு படித்தால் நான்கிலிருந்து எழுதினால் போதும். ஒன்றைச் சாய்ஸில் விடலாம். எதை விடுவது என்று வகுப்பே கூடிப் பேசி முடிவெடுக்கும். அந்த வருடம் சார்பியலை, அதாவது ரிலேட்டிவிட்டியை, விட்டார்கள். எம்.எஸ்சி.யிலும் அதையே விட்டார்கள், ஏற்கெனவே படிக்காத பாடம் என்பதால். விட்ட பாடத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வேகம் கூடினால் நிறை கூடும் என்ற ஒரு வரி மட்டும் எங்கிருந்தோ காதில் விழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளைப் போலவே c என்று எழுதியவர்கள் நாற்பது பேர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். பள்ளிப்பட்டில் டியூஷன் சென்டர் நடத்தும் சூர்யபிரகாஷ் அதில் ஒரு வழி கண்டுபிடித்தான். உந்தம் mc என்றால் வேகம் c. நிறையுள்ள எதுவும் ஒளியின் வேகத்தை எட்ட முடியாது. ஆகவே கேள்வியே தவறு. கேள்வி தவறென்றால் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண்.

"நீங்க ஆதாரம் மட்டும் புட்ச்சு குடுங்கக்கா. மீதிய நான் டைப் பண்ணிக்கிறேன்," என்றான் போனில்.

பாஞ்சாலி வியாழனன்று திருத்தணியில் இறங்கி, நூலகத்திலிருந்து தடித்த இயற்பியல் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். மேடைக்கு அவ்வளவாக வண்டி வராத வெள்ளி மத்தியானம், சாய்ஸில் விட்ட பாடத்தைத் திறந்தாள்.

புத்தகம் ஆதாரம் தரவில்லை. இரண்டு பந்துகள் மோதுகின்றன என்று தொடங்கியது. தரையில் நிற்பவர் கணக்குப் போட்டாலும் ஓடும் ரயிலில் இருப்பவர் கணக்குப் போட்டாலும், மோதலுக்கு முன்பிருந்த மொத்த உந்தம் பின்பும் இருக்க வேண்டும். நிறையை வேகத்தால் பெருக்கும் பழைய கணக்கு, வேகம் மிக அதிகமானால் ஒருவருக்குச் சரியாக வரும், மற்றவருக்கு வராது. ஆகவே உந்தத்துக்கான கணக்கை மாற்ற வேண்டும். தூரத்தை நாம் அளக்க வேண்டும். நேரத்தை மட்டும் ஓடுகிற பொருளோடு போகும் கடிகாரத்தில் பார்க்க வேண்டும். நிறை மாறுவதில்லை. அது கூடுகிறது என்பது பழைய பேச்சு என்று அடிக்குறிப்பு சொன்னது.

நிறை மாறுவதில்லை என்றதை அவள் உடனே ஒப்புக்கொண்டாள். எந்த வேகத்தில் வந்த லாரியும் மேடையில் நின்றால் அதே காலி எடைதான். கடிகார விஷயம்தான் பிடிபடவில்லை. தூரம் ஒருவருடையது, நேரம் இன்னொருவருடையது. இரண்டையும் கலந்து வகுப்பது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது.

மூன்றேகாலுக்கு முரளிதரனின் ஜல்லி லாரி மேடையேறியது. பள்ளிப்பட்டிலிருந்து வாரம் நான்கு நடை வருகிறவன். இறங்கி வந்து ஜன்னலில் சாய்ந்தான்.

"இன்னா மேடம், பரீட்சையா? பாஸாயி இங்கேந்து பூட்டா எங்களுக்கு யாரு சீட்டு குடுக்குறது?"

"எத்தினி மணிக்குக் கெளம்பின?"

"ஒன்றரைக்கி. இப்ப ரெண்டே முக்கா. வண்டி பறந்துகினு வந்துச்சு."

"ரெண்டே முக்காவா? மூனேகால் ஆவுது."

முரளிதரன் திரும்பி, லாரிக்குள் முகப்பில் ஒட்டியிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். "கெளம்பும்போதுதான் போனைப் பாத்து ரைட் பண்ணேன். பேட்டரி வீக்கு. நவுந்து நவுந்து போவுது பாருங்க."

பாஞ்சாலி பேனாவை எடுத்தாள். பள்ளிப்பட்டு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாள். அவள் கடிகாரத்தில் நூற்றைந்து நிமிடம். மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தொடவில்லை. அவன் கடிகாரத்தில் எழுபத்தைந்து நிமிடம். தூரம் அதேதான். மணிக்கு நாற்பது.

"உன் கடிகாரம் இன்னும் மெதுவா ஓடினா, நீ இன்னும் வேகமா வந்த கணக்காவும்," என்றாள்.

"நின்னே போச்சுன்னா?"

"கணக்குக்கு எல்லையே இல்ல."

"அப்ப இத சரி பண்ணக் கூடாது மேடம். மொதலாளி கேட்டா காட்றேன்." சீட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனான்.

லாரிக் கடிகாரம் பழுது. துகளின் கடிகாரம் பழுதல்ல. வேகமாகப் போகிற எந்தக் கடிகாரமும் நமக்கு மெதுவாக ஓடும் என்கிறது புத்தகம். எவ்வளவு மெதுவாக என்பதற்கும் சூத்திரம் இருந்தது. பழைய எடைச்சீட்டு ஒன்றைத் திருப்பி, துகளை c/√2 வேகத்தில் விட்டுப் பார்த்தாள். அவளுடைய ஒரு விநாடியில், ஒளி ஒரு விநாடியில் போகும் தூரத்தில் 0.707 பங்கு அது போகிறது. அதே நேரத்தில் அதன் கடிகாரம் காட்டுவதும் 0.707 விநாடி. ஒன்றை ஒன்றால் வகுத்தால் சரியாக c. நிறையால் பெருக்கினால் mc.

இன்னொரு முறை போட்டாள். அதேதான் வந்தது.

வேகத்துக்குத்தான் எல்லை. உந்தத்துக்கு இல்லை. துகளைத் தள்ளத் தள்ள வேகம் c-யை நெருங்கித் தயங்கும். உந்தம் கூடிக்கொண்டே போகும். உந்தம் mc என்று கேட்டதில் தவறு எதுவும் இல்லை. மூன்று mc என்று கேட்டிருந்தாலும் விடை இருந்திருக்கும்.

நாலரைக்கு சூர்யபிரகாஷ் கூப்பிட்டான்.

"அக்கா, ஆதாரம்?"

"ஆன்சர் கீ சரியா இருக்குது, சூர்யா."

"இன்னாக்கா சொல்றீங்க?"

சொன்னாள். பந்துகளையும் ரயிலையும் கடிகாரத்தையும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். புரிந்துகொள்ளக்கூடியவன்தான்.

"சரிக்கா. கரெக்டாவே இருக்கட்டும். நாப்பது பேரு போட்டா ஒருவேளை குடுப்பாங்க. குடுக்கலன்னா போவுது. நம்ம கைல இருந்து இன்னா போவுது?"

"எந்தப் பக்கத்த ஆதாரமா வெப்ப?"

"ப்ளஸ் ஒன் கைடு உங்கள்ட்ட இருக்குதுன்னு சொன்னீங்களே. உந்தம்னா நிறை பெருக்கல் வேகம்னு போட்டிருக்கும்ல? அந்தப் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க."

கைடு மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காலையிலேயே மடித்து வைத்திருந்தாள். எடுத்துப் பிரித்தாள். தடித்த எழுத்தில், கட்டம் கட்டிப் போட்டிருந்தது. வெளியே ஒரு கரும்பு லாரி ஹாரன் அடித்தது. மேடையில் நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி, எடை போட்டு அனுப்பிவிட்டு வந்தாள். போனில் சூர்யபிரகாஷ் இன்னும் இருந்தான்.

"அக்கா?"

"ஆங். நான் அனுப்பல. நீங்க போடுறதுன்னா போடுங்க."

எடைச்சீட்டின் பின்புறத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். பதில்கள் வரத் தொடங்கின. எடை மேடையில் அறிவு முற்றிவிட்டது என்று ஒருவர். வேலை கிடைக்காவிட்டாலும் மேடம் லாரிக்குப் பாடம் எடுப்பார் என்று இன்னொருவர். யாரோ, கணக்கு சரிதான் என்று எழுதி உடனே அழித்தார். ஐந்தரை ஆனது.

இறுதி விடைக்குறிப்பில் அறுபத்தேழு மாறவில்லை. ப்ளஸ் ஒன் கைடு வேறு எவரிடமிருந்தோ கிடைத்து, பதினேழு பேர் ஆட்சேபம் போட்டதாகக் கேள்விப்பட்டாள். அவள் பிரிவு தொண்ணூற்றிரண்டில் நின்றது. பட்டியலில் அவள் எண் இல்லை.

பட்டியல் வந்த அன்று மாலை அவளை அழைத்துப்போக அவள் கணவன் கங்காதரன் வண்டியில் வந்திருந்தான். திருத்தணியில் லேத் பட்டறை வேலை அவனுக்கு. ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே கேட்டான்.

"அந்த ஒன்னுதான?"

"ஆங்."

"நீயும் போட்டிருந்தா?"

"குடுத்திருக்க மாட்டாங்க. யாருக்கும் குடுக்கல."

"அது இப்ப தெரியுது. அன்னிக்கி உனுக்கு எப்படித் தெரியும்?"

நூலகப் புத்தகம் மேசை மேல் இருந்தது. இரண்டு முறை தவணை நீட்டித்திருந்தாள். உந்தத்துக்கு அடுத்த பாடமான ஆற்றலில் பாதி தூரம் வந்திருந்தாள். அடையாளத்துக்கு ஒரு எடைச்சீட்டு செருகியிருந்தது.

கடைசி லாரி மேடையேறியது. எண்கள் அடங்காமல் அலைந்தன. ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எறங்குப்பா," என்றாள்.