சீட்டில் வந்த கட்சி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலேகால் மணிக்கு அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது. ஆலயத்தின் தெற்குச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அதைப் பிரித்தேன். ஐந்தரைக்குள் கூட்டத்தை முடித்தால்தான் பெண்கள் வெளிச்சத்தில் வீடு சேர முடியும் என்பது எங்கள் ஏற்பாடு. சீட்டில் 'கூடாது' என்று எழுதியிருந்தது.

எங்கள் சபைக்குப் புதிதாக வந்த இளம் போதகர்தான் இந்த விவாதக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு, வேதத்திலிருந்து ஒரு கேள்வி, அதற்கு இரண்டு கட்சி, கட்சிக்கு ஒரு ஆள். யாருக்கு எந்தக் கட்சி என்பதைக் காணிக்கைப் பைக்குள் போட்ட இரண்டு சீட்டுகள் தீர்மானிக்கும். அவரவர் நம்புகிறதைப் பேசினால் மனஸ்தாபம் வரும், சீட்டில் வந்ததைப் பேசினால் வேதத்தைத் தேடிப் படிப்பார்கள் என்பது போதகரின் எண்ணம். அன்றையக் கேள்வி, கணவன் வேறொருத்தியோடு வாழ்ந்தால் மனைவி அவனைவிட்டுப் பிரியலாமா என்பது. பக்கத்துச் சபை ஒன்றில் அப்படியொரு வழக்கு நடந்துகொண்டிருந்ததால் எல்லோர் வாயிலும் அந்தக் கேள்வி இருந்தது.

நான் கருங்கலுக்கு அடுத்த ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். வேத வசனங்களை அதிகாரத்தோடு எடுத்துச் சொல்வதில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்கு ஆசையும் உண்டு. இதை இப்போது மறைத்துப் பயனில்லை.

எதிர்க்கட்சி பேசியவர் மருந்துச்சாலைக் கம்பவுண்டர், என் சிநேகிதர். அவர் முதலில் எழுந்தார். கணவனும் மனைவியும் ஒரே மாம்சம் என்றால் அதைக் கிழித்தவன் வேறொருத்தியிடம் போனவன்தானே என்றார். பிரிந்து வருகிறவள் கிழிந்ததைக் கிழிந்தது என்று வெளியே சொல்கிறாள், அவ்வளவுதான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிய இழுத்துக்கொண்டு வந்தார்களே, கூட இருந்த ஆண் எங்கே போனான் என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் பாய்களின் மேல் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

நான் எழுந்தேன். விபசாரத்தினால் தள்ளிவிடலாம் என்று மத்தேயுவில் உள்ள விலக்கு கணவனுக்குச் சொன்னது, மனைவி விட்டுப் போவதற்கு ஒரு வரி காட்டுங்கள் என்றேன். மனைவி பிரிந்து போகலாகாது என்று பவுல் எழுதியதைச் சொன்னேன். கணவனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பேதுரு மனைவிகளுக்குச் சொன்ன புத்தியைச் சொன்னேன். சோரம் போன மனைவியையே ஓசியா தீர்க்கதரிசி மறுபடியும் வீட்டில் சேர்த்தானே, மன்னிப்பது ஆணுக்கு மட்டுமா என்று கேட்டேன். கடைசியாகக் கம்பவுண்டரைப் பார்த்துத் திரும்பினேன்.

"நம்ம கம்பவுண்டரு புண்ணுக்கு மருந்து கெட்டாம காலையே வெட்டச் சொல்லுதாரு. இவருகிட்ட மருந்துக்குப் போறவங்க இனி யோசிச்சுப் போங்க."

ஆலயம் முழுவதும் சிரித்தது. கம்பவுண்டரும் சிரித்தார். போதகர் என் கட்சி வென்றது என்று அறிவித்து ஜெபம் பண்ணினார்.

என் மகள் நான் பேச ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வந்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. நாலு வருஷத்துக்கு முன்னால், திருவட்டாற்றுக்கு மேலே மலையடிவாரத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வருகிறேன் என்று ஒரு எழுத்தும் போடாமல் வந்து நின்றாள். பிள்ளைக்குச் சளி, அங்கே குளிர் தாங்கவில்லை என்றாள். நான் நம்பினேன். அன்று பிள்ளை தூங்கி எழத் தாமதமானதால் அவள் சீட்டெடுப்பதைப் பார்க்கவில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு வந்த வழக்கம் அது. அப்படியொன்று உண்டென்றே அவளுக்குத் தெரியாது. தகப்பன் சபையில் நின்று பேசுகிறான் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் வந்தவள் என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கிப் பேசினதெல்லாம் மெய்தானா?"

"வேதத்தில உள்ளது மெய்யில்லாம பின்ன என்ன, மக்கா."

"புருசன் எப்பிடி இருந்தாலுமா?"

"எப்பிடி இருந்தாலும்தான். ஆளுக்கொரு அளவு வச்சா அது பிரமாணமா?"

அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"செரி அப்பா."

சீட்டில் அப்படி வந்தது, அதனால் பேசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆலயத்துச் சிரிப்பு இன்னும் என் காதில் இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் துணிகளை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரம் நிப்பேன்னு சொன்னியே, ஏட்டி?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. அங்க கோழி அடைக்கு இருக்கு. நான் பாக்காட்டா முட்டையெல்லாம் பாழாப் போவும்."

கருங்கலில் அவளை மோட்டாரில் ஏற்றிவிட்டேன். பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

ஓணம் விடுமுறையில் அவளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். மருமகன் வாசலுக்கு வந்து மரியாதையாக அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் சிரித்தார்.

"மாமா, சபையில பிரமாதமாப் பேசினியளாம். இவ வந்து சொன்னா. அண்ணைக்கித் தொட்டு இவ ஒரு வார்த்த எதுத்துச் சொல்லுகதில்ல. ஒங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

நானும் சிரித்தேன். மகள் சன்னலோரமாக நின்றாள். இடது பக்கமிருந்து நான் கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். காதுக்குள் ஏதோ அடைப்பு, குளித்த தண்ணீர் என்றாள். உடம்பு முழுகாமல் இருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம்.

மருமகனின் தாயார் எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்தார்கள். விதவை. எழுத்து வாசனை இல்லாதவர்கள், மகனோடு இருக்கிறவர்கள். மருமகன் வெளியே போனதும் தாழ்ந்த குரலில் கேட்டார்கள்.

"வாத்தியாரே, பிள்ளைய கொஞ்ச நாளு அங்க கூட்டிட்டுப் போவியளா?"

"இப்பம்தானே வந்துட்டுப் போனா. ஆம்பிளைக்கி யாரு பொங்கிப் போடுவா?"

"நான் இருக்கேனே."

"இருக்கட்டும். பெறவு பாப்போம்" என்றேன். அந்த அம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, மகள் நன்றாக இருக்கிறாள், உண்டாகியிருக்கிறாள் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. மருமகனுக்குத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு பெண்ணோடு இரண்டு வருஷமாகத் தொடர்பு. கேட்டதற்கு அடி. அந்தக் காது அடியில் போன காது. மகள் வந்த மறுநாளே தாயிடம் சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், அப்பாவிடம் நானே சொல்லுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"பின்ன ஏன் சொல்லல?"

"கூட்டம் கழிஞ்சு வந்து, இனி சொல்லாண்டாம், அப்பாதான் சபையில வச்சுச் சொல்லியாச்சேன்னா. எனக்க தலையில கையவச்சுச் சத்தியம் வாங்கிட்டுப் போனா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் என்ன செய்ய? நீங்களும் ஒங்க வேதமும்."

அன்றைக்கே மகளுக்கு எழுதினேன். உடனே புறப்பட்டு வா, நான் உனக்கு இருக்கிறேன் என்று எழுதினேன். சபையில் பேசினது சீட்டில் வந்த கட்சி என்றும் விவரமாக எழுதினேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நான் கற்றுக்கொடுத்த அதே குண்டு எழுத்து. 'அப்பா, நீங்கள் என் மேலுள்ள பாசத்தினால் இப்படி எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வசனங்கள் சீட்டில் வந்தவை அல்லவே. என் நிமித்தம் நீங்கள் வேதத்தை வளைக்க வேண்டாம்.'

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நடுப்பகலில் மருந்துச்சாலைக்குப் போனேன். கம்பவுண்டர் அதை இரண்டு தரம் படித்தார். மருந்து வாங்க வந்த ஒரு கிழவரை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணைக்கி நீங்க பேசினதுதான் செரி இல்லியா?" என்று கேட்டேன். "நீங்களே அவளுக்கு எழுதினா என்ன?"

"நானும் சீட்டில வந்ததைத்தானே வாத்தியாரே பேசினேன். மனசுக்குள்ள ஒங்க கட்சிதான் செரின்னு நெனச்சிட்டிருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்பம் ஒண்ணும் தெரியல."

அன்று ஆலயத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவரும் தான் நம்பினதைப் பேசவில்லை. அவராவது நம்பிக்கை ஒன்று வைத்திருந்தார். நான் என்ன நம்பினேன் என்று பல நாள் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தச் சீட்டு வந்திருந்தாலும் நான் ஜெயித்திருப்பேன். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

தகப்பன் சொல் பாசம் என்றால், சபையே சொல்லட்டும் என்று போதகரிடம் போனேன். அவர் உண்மையிலேயே வருந்தினார். அவள் பெற்றோர் வீட்டில் வந்திருக்கலாம், அதற்காக அவளை ஆலயத்துத் திருவிருந்திலிருந்து விலக்கமாட்டோம் என்று சபைக் கமிட்டி எழுதித் தந்தால் அனுப்பலாம் என்றார். நேராகப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் கமிட்டிக்கு மனு எழுதினேன். அதையும் நல்ல எழுத்தில், வசன ஆதாரங்களோடு எழுதினேன்.

கமிட்டி இரண்டு தரம் கூடியது. முதல் தரம், அடிக்கிறவனிடமிருந்து விலகியிருப்பதும் பிரிவதும் ஒன்றா என்பதிலேயே பொழுது போயிற்று. ஒருவர், மனைவியைத் தள்ளிவிட மோசே எழுதிக் கொடுக்கச் சொன்ன தள்ளுதற் சீட்டை எடுத்தார். இன்னொருவர், ஆதியிலே அப்படியல்ல என்று இயேசு சொன்னதைச் சொல்லி நிறுத்தினார். என் மகள் பெயரை யாரும் சொல்லவில்லை. 'ஒரு ஸ்திரீ' என்றே பேசினார்கள். இரண்டாம் தரம், கொப்பரை வியாபாரம் செய்யும் மூப்பர் ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, அண்ணைக்கி நீரு ஒரு வரி காட்டச் சொன்னீரு. இப்பம் நாங்க கேக்கோம். காட்டும்."

இரண்டொருவர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. அன்றைய கூட்டத்தின் ருசி அவர்களுக்கு இன்னும் போகவில்லை.

"அது சீட்டில வந்தது" என்றேன்.

"அப்பம் கர்த்தருக்க ஆலயத்தில நிண்ணு நம்பாததைச் சொன்னீரோ?"

சீட்டு முறையை ஏற்படுத்திய போதகர் முகம் வெளிறித் தலையைக் குனிந்துகொண்டார். அறுப்பின் பண்டிகை முடிந்து வரும் வெள்ளிக்கிழமை மூன்றாம் தரம் கூடித் தீர்க்கலாம் என்று கலைந்தார்கள். நான் எல்லோருக்கும் வந்தனம் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வெள்ளிக்கு முந்தின நாள் காலை. நாலாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து முன்னால் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வைக்கோல் பரப்பி அதன் மேல் சமுக்காளம் விரித்திருந்தார்கள். முதலில் இறங்கியது மருமகனின் தாயார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையால் என் மகளைப் பிடித்து இறக்கினார்கள். மகள் வண்டிச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். உதட்டில் இரத்தமே இல்லை. வயிறு ஒட்டியிருந்தது. நான் அருகில் போனதும், "ஸ்கூல் நேரமில்லியா அப்பா" என்றாள்.

அந்த அம்மாள் என் வணக்கத்தைக் கவனிக்கவில்லை.

"வயித்துப் பிள்ள போச்சு வாத்தியாரே. செவ்வாக்கெழம. எனக்க மவன் தள்ளின தள்ளில மயக்கம் வந்து விழுந்தா. அவனப் பெத்தவ நானே சொல்லுதேன், இனி அவ அங்க இருக்கப்படாது. நான் இழுத்து வண்டியில ஏத்துனேன். வழி நெடுக, போகப்படாது அத்த, அப்பா சபையில சொல்லியிருக்காருன்னு அழுதுட்டே வந்தா. எனக்கு வாசிக்கத் தெரியாது. வேதத்தில என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. இவ நான் சொன்னா நிக்கமாட்டா. காயம் ஆறினதும் எந்திரிச்சு திரும்பி அங்கதான் போவா. போகாண்டாம்னு நீங்க சொல்லணும். அப்பனாட்டுப் பாசத்தில சொல்லாண்டாம், அத இவ எடுக்கமாட்டா. எல்லாருக்க முன்னாலயும் நிண்ணு அண்ணைக்கி எப்பிடிச் சொன்னியளோ, அப்பிடிச் சொல்லுங்க. இந்தா, பேரப்பிள்ளைய கையில பிடியுங்க, இப்பம் சொல்லுங்க."